பூரணை நாளின் தானசாலை

எமது நாட்டு நாட்காட்டியில் மாதந்தோறும் தவறாது இடம்பெறும் சொல் 'போயா'. தமிழ்ப் பிள்ளைகளும் பாலர் வகுப்பிலேயே இச்சொல்லைக் கற்றுவிடுகிறார்கள். அன்று பாடசாலை இல்லை, கந்தோர் இல்லை, இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் பூட்டு. நம்மிற் பலர் அச்சொல்லுக்குக் கொள்ளும் பொருள் இவ்வளவே. ஆயின், நேயர்களே, 'போயா' என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் வேறொரு சொல்லின் உடன்பிறப்பு என்பதைச் சிலரே எண்ணிப் பார்த்திருப்பர். அந்தச் சொல் 'உபவாசம்' என்பதாகும்.

வடமொழியில் 'உப' என்றால் அருகில். 'வாசம்' என்றால் தங்குதல். வேதகாலத்தில் வேள்விக்கு முந்திய நாள், வேள்வி செய்வோன் உண்ணாதிருந்து தீயின் அருகே தங்கியிருப்பான். அந்த நாளுக்கு 'உபவசத' என்று பெயர். பாளி மொழியில் இது 'உபோசத' ஆயிற்று. சிங்களத்தில் 'போஹொய' என்றும் 'போய' என்றும் தேய்ந்தது. தமிழ் வீட்டில் அதே வேரிலிருந்து பிறந்த உபவாசம் விரதமாய் நின்றது. ஒரு தாயின் இரு பிள்ளைகள் வேறு வேறு வீடுகளிலே வளர்ந்து, ஒருவரையொருவர் அறியாமல் ஒரே தெருவில் நடமாடுவதைப் போன்றது இது.

இந்த நாளோடு இணைந்த ஏனைய சொற்களையும் நோக்கினால் இவ்வுறவு மேலும் துலங்கும். 'சில்' எடுத்தல் என்பதிலுள்ள சில், நமது சீலம். 'தன்சல்' என்பது தானசாலை. 'பின்' என்பது புண்ணியம். 'வெசாக்' என்பது வைசாகம். நமது வைகாசியும் விசாகமும் அதன் கிளைகளே. வீதியில் எழுப்பும் தோரணமும் தோரணமே; வாசலிலே தொங்கும் வெசாக் கூடும் கூடே. இத்தனை சொற்களும் நமக்கு விளங்குமானால், இந்த நாள் மாத்திரம் ஏன் அந்நியமாய் நிற்கிறது? அதன் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

முதலில், இந்த நாள் பௌத்தத்தின் கண்டுபிடிப்பு அன்று. பௌத்தப் பிக்குகளின் ஒழுக்க நூலாகிய விநயபிடகத்திலே ஒரு வரலாறு கூறப்படுகிறது. மகத நாட்டில் வேறு சமயத்துத் துறவிகள் பிறைப் பக்கத்தின் எட்டாம், பதினான்காம், பதினைந்தாம் நாள்களில் ஒன்றுகூடி அறம் உரைத்து வந்தனர். மக்கள் அவர்களை நாடிச் சென்றனர். இதைக் கண்ட பிம்பிசார மன்னன், பிக்குகளும் அந்நாள்களிற் கூடினால் நன்றாயிருக்குமே எனப் புத்தரிடம் விண்ணப்பித்தான். புத்தரும் இசைந்தார். பிக்குகள் கூடினார்கள், ஆனால் வாய்திறவாது அமர்ந்திருந்தார்கள். அறம் கேட்க வந்த மக்கள், 'ஊமைகளைப் போல இருக்கிறார்களே' என்று குறைகூறினர். அதன் பின்னரே, அந்நாள்களில் அறம் உரைக்கவேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

இச்சிறு வரலாறு இரண்டு செய்திகளைத் தருகிறது. பிறரிடமிருந்து ஒரு நல்ல வழக்கத்தைப் பெற்றுக்கொள்வதைப் புத்தர் இழிவாகக் கருதவில்லை என்பது ஒன்று. வெறுமனே கூடியிருப்பதால் ஒரு நாள் புனித நாளாகிவிடாது என்று முதன்முதலிற் சொன்னவர்கள் சாதாரண மக்களே என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது செய்தியை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இலங்கையின் சமய மரபு, முழுநிலவு நாள் ஒவ்வொன்றையும் ஒரு நிகழ்ச்சியோடு இணைத்து வைத்திருக்கிறது. தை மாதத்தை அண்டிய துருத்துப் பூரணை, புத்தர் மகியங்கனைக்கு வந்தமையை நினைவூட்டுவது. வெசாக், அவரது பிறப்பையும் ஞானம் பெற்றமையையும் பரிநிர்வாணத்தையும் ஒருங்கே குறிப்பது. கி. மு. மூன்றாம் நூற்றாண்டிலே, தேவநம்பியதீசன் காலத்தில், மகிந்தர் மிகிந்தலைக்கு வந்தமையைப் பொசன் குறிக்கும். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையைக் கொணர்ந்தமையை மார்கழி உந்துவப் குறிக்கும். ஓராண்டிற் பதின்மூன்று பூரணைகள் வந்தால், மிகுதியாய் வருவதற்கு 'அதி' என்ற அடைமொழி கொடுக்கப்படும். நமது பஞ்சாங்கத்தின் அதிக மாதத்தை இது நினைவூட்டும். நமக்கும் பூரணைகள் புதியவை அல்ல. சித்திரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, தைப்பூசம், மாசி மகம் எல்லாம் அதே நிலவின் அடியில் வருவனவே.

இந்நாளில் சில் எடுப்போர் வெள்ளையுடுத்து விகாரைக்குச் செல்வர். அன்றாடம் கொள்ளும் ஐந்து சீலங்களுக்குப் பதிலாக எட்டுச் சீலங்களை ஏற்பர். கொல்லாமை, களவாடாமை, காமம் துறத்தல், பொய்யாமை, மதுவுண்ணாமை என்பவற்றோடு, நண்பகலின் பின் உண்ணாமை, ஆடல் பாடல் அலங்காரங்களை நீக்குதல், உயர்ந்த மஞ்சத்தில் துயிலாமை ஆகிய மூன்றும் சேரும். ஒருநாட் பொழுது இல்லறத்தார் துறவியின் வாழ்வைத் தொட்டுப் பார்க்கும் முயற்சி இது. கந்தசட்டிக்கு ஆறு நாள் மிளகும் நீருமாய் இருந்த நம் பாட்டிமாரைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு மக்கள் தாமாகக் காத்துவந்த நாள், பின்னர் அரசு வழங்கும் நாளாக மாறிய கதை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியது. 1815 ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில் பௌத்தத்தைப் பேணுவதாக ஆங்கிலேயர் வாக்களித்தனர். எனினும் காலப்போக்கில் அவ்வாக்கு நலிந்தது. 1873 ஆம் ஆண்டு பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் கிறிஸ்தவப் போதகர்களோடு நிகழ்த்திய வாதம் பௌத்தரிடையே புதிய எழுச்சியைத் தந்தது. 1880 ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கரான கேணல் ஒல்கொட் காலியில் வந்திறங்கிப் பஞ்சசீலம் ஏற்றார். 1883 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிலே பௌத்தப் பெரஹரா ஒன்று தாக்கப்பட்டது, கலகம் மூண்டது. நீதி கிடைக்கவில்லை எனக் கருதிய பௌத்தர்கள், 1884 ஆம் ஆண்டு ஒல்கொட்டைத் தம் சார்பிலே இலண்டனுக்கு அனுப்பினார்கள். அவர் குடியேற்றநாட்டு அமைச்சிடம் வைத்த கோரிக்கைகளுள் வெசாக் விடுமுறையும் ஒன்று. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் காலத்தில், 1885 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆந் திகதி, வெசாக் பூரணை பொது விடுமுறையாயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் பௌத்தக் கொடியும் முதன்முதல் அன்றுதான் ஏற்றப்பட்டது.

அந்த விடுமுறை, பிறநாட்டார் ஆட்சியில் தம் சமயம் மதிக்கப்படவில்லை என வருந்திய மக்கள் பெற்ற நியாயமான வெற்றி. தன் திருநாளுக்குப் பள்ளிக்கூடமும் கச்சேரியும் மூடாத நாட்டில் வாழும் சமூகத்தின் மனத்தாங்கலைத் தமிழரும் முஸ்லிம்களும் நன்கு உணர்வர். ஆயினும் வரலாறு அங்கே நிற்கவில்லை.

1966 ஆம் ஆண்டில் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை நீக்கி, நான்கு போயாக்களையும் வார விடுமுறைகளாக்கியது. பூரணை, அமாவாசை, இரண்டு அட்டமிகள் என்பனவே அந்நான்கும். தமிழரசுக் கட்சியும் பங்காளியாயிருந்த அரசாங்கம் அது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஆனால் சந்திரன் அரசாங்கத்தின் கணக்குக்கு அடங்குபவன் அல்லன். சந்திரமாதம் ஏறத்தாழ 29½ நாள். அதனை நான்காற் பிரித்தால் ஏழு நாளும் சில மணித்தியாலங்களும் வரும். ஆகவே சில கிழமைகள் ஏழு நாளாகவும் சில கிழமைகள் எட்டு நாளாகவும் அமைந்தன. உலகம் ஒரு கணக்கில் வேலைசெய்ய, இலங்கை வேறொரு கணக்கில் ஓய்வெடுத்தது. வெளிநாட்டு வணிகம் தடுமாறியது. கிறிஸ்தவர்களின் ஞாயிறு பெரும்பாலும் வேலைநாளாயிற்று. 1971 ஆம் ஆண்டு, சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஆட்சியில், ஞாயிறு மீண்டது. விடுமுறைச் சட்டம் பூரணைப் போயாவை மாத்திரம் பொது விடுமுறையாக வைத்துக்கொண்டது. மறு ஆண்டு, 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடத்தை அளித்தது.

அந்த ஐந்தாண்டுப் பரிசோதனை கற்பித்த பாடம் என்ன? அரசு ஒரு நாளைத் தரலாம். அந்த நாளின் நோன்பைத் தர அதனால் இயலாது. கடையைப் பூட்டலாம்; உள்ளத்தின் ஆசையைப் பூட்டச் சட்டம் எழுத முடியாது. போயாவுக்கு முதல் நாள் மாலையில் மதுக்கடை வாசல்களிற் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் இதற்கு வேறு சான்று தேடார். விடுமுறை வேறு, விரதம் வேறு. 'ஊமைகளைப் போல இருக்கிறார்களே' என்ற மகத நாட்டு மக்களின் குறை, காலங்கடந்தும் பொருந்துகிறது.

ஆனால் இந்நாளிலே சட்டத்தாலன்றி, மக்களின் கைகளால் மாத்திரம் உயிர்வாழும் வழக்கமொன்று உண்டு. அதுவே தன்சல்.

வெசாக், பொசன் காலங்களில் தென்னிலங்கை வீதிகளிற் பயணித்தவர்கள் அக்காட்சியை அறிவர். இளைஞர்கள் கொடிகளை அசைத்து வாகனங்களை மறிப்பார்கள். சோறு, அவித்த கடலை, மரவள்ளிக்கிழங்கு, கோப்பி, குளிர்பானம், ஐஸ்கிரீம் என்று அவ்வூராரின் இயல்புக்கேற்ப ஏதேனும் ஒன்றைக் கையிலே தருவார்கள். பெயர் கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை, பணமும் கேட்பதில்லை. ஊரார் காசும் அரிசியும் விறகும் சேர்த்து நடத்துவது அது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து தண்ணீரையும் பாத்திரத்தையும் பார்த்துச் செல்வதைத் தவிர, அரசுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

அக்காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. உலக வழக்கிலே வாங்குபவன் வாசலில் நின்று கெஞ்சுவான். தன்சலிலோ கொடுப்பவன் வீதியில் நின்று, 'வாருங்கள், உண்டுவிட்டுப் போங்கள்' என்று மன்றாடுகிறான். தானத்தால் வளர்வது கொடுப்பவனின் புண்ணியம். வாங்குபவன் அதற்கு வாய்ப்பளிக்கிறான் என்ற பௌத்தக் கொள்கை இவ்வாறு வீதிக்கு வந்திருக்கிறது. விளக்கவுரை எழுதிய பண்டிதர்களைக் காட்டிலும் இக்கொள்கையை எளிதாக விளக்கிவிடுகிறான் கொடியசைக்கும் பையன்.

இவ்விடத்தில் தமிழ் இலக்கியம் கற்றோருக்கு ஒரு பாத்திரம் நினைவுக்கு வராமற் போகாது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் வரும் அமுதசுரபியே அது. 1885 இல் கொழும்பில் வெசாக் விடுமுறை பிறந்தது; அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1898 இல், உ. வே. சாமிநாதையர் மணிமேகலையைச் சென்னையிற் பதிப்பித்தார். பௌத்தச் சொற்களின் பொருளை அறிய அவர் பட்ட பாடு பெரிது. தமிழ்நாட்டிற் பௌத்தம் மறைந்து, கேட்டறிவதற்கு ஆள் இல்லாமற் போயிருந்தது. கடல் கடந்த இலங்கையிலோ அச்சொற்கள் வீதியில் உலவிக்கொண்டிருந்தன.

அமுதசுரபி எந்த நாளில் வெளிப்படுகிறது என்பதைக் கவனித்தீர்களா? மணிபல்லவத் தீவிலுள்ள கோமுகிப் பொய்கையில் அமிழ்ந்து கிடக்கும் அப்பாத்திரம், ஆண்டுக்கு ஒருமுறை, புத்தர் தோன்றிய வைகாசி விசாக நாளிலே நீர்மேல் எழும். அதாவது வெசாக் நாளில். அந்த நாளிலேயே தீவதிலகை மணிமேகலையைப் பொய்கைக்கு அழைத்துச் செல்கிறாள். மணிபல்லவம் என்பது நமது நயினாதீவே எனக் கருதும் அறிஞரும் உளர். வேறிடம் சொல்வோரும் உளர். அவ்வாராய்ச்சி எவ்வாறு முடியினும், வெசாக் நாளையும் பசித்தோர்க்கு உணவிடுதலையும் ஒன்றாய்ப் பிணைத்த காப்பியம் தமிழிலே உண்டு என்பதில் ஐயமில்லை.

அப்பாத்திரத்தின் முந்திய உடைமையாளன் ஆபுத்திரனின் கதை இன்னும் ஆழமானது. குருடர், செவிடர், முடவர், பேணுவாரற்றோர், நோயாளர் யாவரையும் மதுரையிலே கூவியழைத்து, இரந்து பெற்றதை ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாக்கித் துயின்றவன் அவன். ஓரிரவு பசியோடு வந்த வழிப்போக்கருக்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தியபோது, சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியை அளித்தாள். பின்னர் இந்திரன் மழை பெய்வித்து நாட்டைச் செழிப்பாக்கினான். பசித்தவர் எவரும் வரவில்லை. அறச்சாலை இருந்த இடத்திலே வீணரும் சூதாடிகளும் கூடினர். பசித்தவரைத் தேடி ஆபுத்திரன் கப்பலேறினான்; ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். கையில் வற்றாத பாத்திரம். ஊட்டுவதற்கோ ஒருவரும் இல்லை. தன் வயிற்றுக்கு மாத்திரம் அதனைப் பயன்படுத்த மனமின்றிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான்.

உபவாசமும் தானமும் ஒன்றாகும் இடம் இதுவே. தான் உண்ணாமை மட்டும் நோன்பு ஆகாது. பிறர் உண்ணாதிருக்கையில் தான் உண்ண மனம் வராமையே நோன்பு. மணிமேகலை இதனைத் தொடர்ந்து நடத்தினாள். ஆதிரை இட்ட பிச்சையை முதலில் ஏற்று, காயசண்டிகையின் யானைத்தீ என்னும் பெரும்பசியை ஆற்றினாள். சிறைக்கோட்டத்துள்ளும் புகுந்து அங்கிருந்தோர்க்கு ஊட்டினாள். ஈற்றில் அரசனிடம் வரம் கேட்டு அச்சிறையையே அறக்கோட்டமாக மாற்றினாள். குற்றம் செய்தவன் யார், செய்யாதவன் யார் என அவள் வினவவில்லை.

இந்த அளவுகோலை நமது காலத்துத் தானசாலைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். பசியில்லாதவர்கள் சொகுசு வாகனங்களில் வந்து ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நிற்கும்போது, இந்திரன் மழை பெய்வித்த பாண்டிநாட்டு அறச்சாலையே கண்முன் வருகிறது. ஆனால் 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, பசி இந்நாட்டை விட்டுப் போய்விடவில்லை என்பதை எல்லோருக்கும் காட்டியது. ஆபுத்திரனைப் போலப் பசித்தவரைத் தேடிக் கப்பலேற வேண்டிய அவசியம் இங்கில்லை. அடுத்த ஒழுங்கைக்குப் போனாற் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெசாக் பெரும்பாலும் வருவது மே மாதத்தில். அதே மே மாதத்திலே வடக்கிலும் கிழக்கிலும் தமிழர்கள் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். 2009 ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலே இறுதி நாள்களில் மக்களின் உயிரைத் தாங்கிய உப்புக்கஞ்சியின் நினைவு அது. 2019 ஆம் ஆண்டில் வெசாக் பூரணையும் அந்நினைவு நாளும் மே 18 ஆந் திகதியில் ஒன்றாகவே வந்தன. ஒருபுறம் தானசாலைச் சோறு. மறுபுறம் நினைவுக் கஞ்சி. இரண்டும் வழிப்போக்கரை அழைத்துக் கையிலே கொடுப்பன. இரண்டும் இறந்தோரையும் இருப்போரையும் ஒருசேர எண்ணிக் கொடுப்பன. ஆயினும் 2024 ஆம் ஆண்டு மே மாதம், திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில், கஞ்சி வழங்கியதற்காகப் பெண்கள் உள்ளிட்ட சிலர் கைதாகி விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். தானசாலைக்கு வீதியும் கஞ்சிக்குச் சிறையும் என்று ஒரே மாதம் இரண்டுபட்டது. சிறையை அறக்கோட்டமாக்கிய காப்பியத்தை உடைய மொழியினர்க்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

போருக்குப் பின்னர் வடக்கில் வெசாக் கூடுகளைப் படைமுகாம் வாசல்களிலேயே பலரும் காண நேர்ந்தது. ஆகவே அந்த ஒளியை அறத்தின் ஒளியாகக் காண எம்மவரின் கண்கள் தயங்கின. அத்தயக்கம் நியாயமானது. எனினும் அந்நாளை முற்றாகப் பிறர் உடைமையென ஒதுக்கிவிட்டால், சாத்தனாரையும் ஆபுத்திரனையும், 'வீரசோழியம்' என்னும் இலக்கணம் செய்த பௌத்தரான புத்தமித்திரரையும் சேர்த்தே ஒதுக்கியவர்கள் ஆவோம். அவர்களை இழக்க நமக்கு என்ன அவசியம்?

பூரணை எவருடைய உடைமையும் அன்று. மகதத்தில் வேற்றுச் சமயத்தாரிடமிருந்து புத்தர் பெற்றுக்கொண்ட நாள் அது. இன்று நாட்காட்டி நமக்கும் தரும் நாள். அந்நாளை யார் உண்மையாக அனுட்டிக்கிறார் என்பதைக் கொடியின் நிறமோ கூட்டின் உயரமோ காட்டாது. தானசாலையின் வாசலிலே நின்று பார்க்க வேண்டும். வருபவர் யார், எந்த மொழி பேசுபவர், யாரை நினைந்து அழுபவர் என்று கேளாமல் அகப்பை நீளுமானால், அன்று பொய்கையில் அமுதசுரபி எழுந்துவிட்டது என்று கொள்ளலாம்.